பெயர் மறைத்த வேலை விண்ணப்பம்

பெயர், நிழற்படம், வயது, பாலினம், முகவரி ஆகியவற்றை நீக்கி, கல்வியையும் அனுபவத்தையும் மட்டும் கொண்டு நேர்காணலுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறை. ஆளெடுப்பின் முதற்கட்டப் பாகுபாட்டைத் தடுப்பது இதன் நோக்கம். நேர்காணலில் அடையாளம் தெரிந்துவிடுவது இதன் எல்லை. இத்தகைய பாகுபாட்டுக்குச் சான்று உண்டு: ஆய்வாளர்கள் மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பங்கள், அதே தகுதியுடன் கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் அழைப்புகளைப் பெற்றன. பிரான்ஸ் 2006இல் இம்முறையைச் சட்டமாக்கியது. நடைமுறை ஆணை பிறக்காததால் சட்டம் ஏட்டளவில் நின்றது. அங்கு 2009–2010இல் நடந்த சோதனை எதிர்பாராத முடிவைத் தந்தது: குடியேறியோர் வழிவந்தோருக்கு நேர்காணல் வாய்ப்பு குறைந்தது. முன்னரே பாகுபாடு குறைந்த நிறுவனங்களே தாமாகச் சோதனையில் சேர்ந்தன என்பது முதன்மை விளக்கம். ஆதலின் இம்முடிவை எல்லா நிறுவனங்களுக்கும் பொருத்துவது முறையன்று. 2015இல் பிரான்ஸ் கட்டாயத்தைக் கைவிட்டது.