கொடைக்கானல் ஏரியும் கோடை விடுமுறையும்

கொடைக்கானல் ஏரி, திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் மேல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ள செயற்கை ஏரி ஆகும். பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றி வரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். மேலிருந்து பார்த்தால் நட்சத்திர வடிவில் தெரியும். இது இயற்கையான ஏரி என்றே சுற்றுலா வருவோரில் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் 1863ஆம் ஆண்டுக்கு முன் இங்கு ஏரி இல்லை. ஓர் ஓடையும் சதுப்பான பள்ளத்தாக்கும்தான் இருந்தன. ஏரியைச் சுற்றி ஊரும், ஊரை நம்பிக் கோடை விடுமுறை என்னும் வழக்கமும் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

முன் வரலாறு

சங்க இலக்கியத்தில் வரும் கோடை மலை இதுவே என்பர். கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவன் ஆண்ட மலையாகப் புறநானூறு அதைக் குறிக்கிறது. ஊர்ப்பெயருக்குக் கொடி, கொடை, கோடை எனப் பல சொற்களை மூலமாகக் காட்டுவோர் உண்டு. 'கானல்' என்பதற்குக் காடு என்று பொருள் கொள்வதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

'வெள்ளைக்காரர் கண்டுபிடித்த ஊர்' என்று பயணக் கையேடுகள் எழுதுவது சரியன்று. பளியரும் புலையரும் இம்மலைகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வருபவர்கள். பின்னர் சமவெளியிலிருந்து ஏறிய குன்னுவர் முதலானோர் பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் போன்ற ஊர்களில் படிக்கட்டு வயல்கள் அமைத்துப் பயிர் செய்தனர். பூம்பாறையில் உள்ள குழந்தை வேலப்பர் கோவில் ஏரியை விடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. மலையில் மக்கள் இருந்தார்கள். விடுமுறைக்கு என்று ஏறியவர்கள்தான் இல்லை.

1821ஆம் ஆண்டு நில அளவைப் பணிக்காக லெப்டினன்ட் பி. எஸ். வார்டு இம்மலைக்கு வந்தார். மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி என்ற சிற்றூரில் தங்கி, அங்கிருந்து மேலே ஏறினார். 1834இல் மதுரையின் துணை ஆட்சியர் ரௌட்டன், செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினார். 1836இல் தாவரவியலர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைப் பற்றிக் குறிப்பெழுதினார். மேலே குளிர் என்பதும் நல்ல தண்ணீர் உண்டு என்பதும் இவர்கள் வழியாகக் கீழே பரவியது.

நோய்க்கு அஞ்சி ஏறியவர்கள்

ஊட்டி, சிம்லா போன்ற மலை நகரங்களை ஆங்கிலேய அதிகாரிகள் உருவாக்கினர். கொடைக்கானலைத் தொடங்கியவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் வந்த வழி யாழ்ப்பாணம். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்கக் கிறித்தவ மிஷன், 1834இல் மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கியது. மதுரை வெயிலைக் காட்டிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களை வாட்டின. முதல் பத்தாண்டுகளுக்குள் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பலர் இறந்தனர். ஓய்வெடுக்கத் தாய்நாடு செல்வது அன்று மாதக்கணக்கான கப்பல் பயணம்.

முதலில் அவர்கள் நாடியது சிறுமலை. மதுரைக்கு அருகில் உள்ளது, ஏறுவதும் எளிது. ஆனால் சுமார் 4,000 அடி உயரமே உள்ள அந்த மலையிலும் மலேரியா இருந்தது. எனவே இன்னும் உயரமான இடத்தைத் தேடிப் பழனி மலைக்கு வந்தனர். 1845இல் கொடைக்கானலின் முதல் இரு வீடுகள் எழுந்தன. அவற்றுக்கு 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று பெயர்.

மலேரியா 'கெட்ட காற்றால்' வருவது என்பதே அக்காலத்து நம்பிக்கை. கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல்தான் செகந்திராபாத்தில் நிறுவினார். மலையேறியவர்கள் சொன்ன காரணம் தவறு. ஆனால் 7,000 அடிக் குளிரில் அந்தக் கொசு பெருகுவது அரிது என்பதால் அவர்கள் எடுத்த முடிவு சரியாக அமைந்தது. இன்று உல்லாசமாகக் கருதப்படும் கோடைப் பயணம், தொடக்கத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உயிர்பிழைக்கத் தேடிய வழி.

ஏரி உருவான விதம்

மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் ஓடையின் குறுக்கே கரை எழுப்பி ஏரியை உருவாக்கினார். சதுப்பு நிலம் நீரில் மூழ்கியது. பக்கத்துப் பள்ளங்களில் எல்லாம் நீர் புகுந்ததாலேயே நட்சத்திரம் போன்ற வடிவம் வந்தது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது, ஏரியில் மீன் குஞ்சுகளும் விடப்பட்டன. லெவிஞ்ச் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் இவ்வூரிலேயே குடியேறி, 1885இல் காலமானார். பாதைகளைச் சீரமைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் ஏரி என்றால் பாசனத்துக்கும் குடிநீருக்கும் வெட்டியதாகவே இருக்கும். மதகு, கழனி, நீர்க்கட்டி என்று அதைச் சார்ந்து ஓர் அமைப்பே உண்டு. இந்த ஏரியோ பெரிதும் அழகுக்காகவும் படகோட்டவும் கட்டப்பட்டது. அந்த வகையில் நம் நாட்டு ஏரிகளின் வரிசையில் இது விதிவிலக்கு. ஏரியில் நிரம்பி வழியும் நீர் கீழே சென்று, மலைச்சாலையில் வருவோர் முதலில் காணும் வெள்ளி அருவியாக விழுகிறது.

மலைப்பாதையும் சுமந்தவர்களும்

1875இல் திருச்சி–மதுரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் பயணம் ஓரளவு எளிதாயிற்று. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்க வேண்டும் (அந்த நிலையத்துக்கு இப்போது கொடைக்கானல் ரோடு என்று பெயர்). அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பை அடைவர். அதற்குமேல் வண்டி ஏறாது. செண்பகனூர் வழியாக ஊர் வரை செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான்.

அந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. மட்டக்குதிரையில் ஏறியவர்களும் உண்டு. பெண்கள், குழந்தைகள், நோயாளிகள், வசதி உள்ள ஆண்கள் ஆகியோர் டோலியிலோ, மூங்கில் கழிகள் கட்டிய நாற்காலியிலோ சென்றனர். தூக்கியவர்கள் அடிவாரத்துக் கூலித் தொழிலாளர்கள். தூக்குவோர் களைத்தால் தோள் கொடுக்க மாற்றாட்களும் கூடவே நடந்தனர். ஆட்கள் மட்டுமல்ல, பெட்டி படுக்கைகள், பாத்திரம் பண்டம், மேசை நாற்காலிகள், கண்ணாடிச் சாமான்கள், பியானோ போன்ற கனத்த பொருள்கள் எதுவானாலும் மனிதர் தலையிலும் தோளிலும்தான் மேலே போயின. கொடைக்கானலின் பழைய வீடுகளில் இன்றும் காணப்படும் தேக்கு அலமாரிகளைப் பார்ப்பவர்கள் அவை ஏறி வந்த விதத்தையும் நினைத்துப் பார்க்கலாம். இப்பாதைக்கு ஆங்கிலத்தில் 'கூலி காட்' என்றே பெயர் வழங்கியது. லெவிஞ்சுக்கு நினைவுச் சின்னம் உண்டு, கோக்கர்ஸ் நடைபாதை அதை அமைத்த லெப்டினன்ட் கோக்கர் பெயரால் வழங்குகிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. பாதையின் பெயரில் மட்டும் அவர்கள் தொழில் நின்றது.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய ராபர்ட் கால்டுவெல் தம் இறுதி நாட்களை இவ்வூரில் கழித்தார். 1891 ஆகஸ்டு 28 அன்று இங்கேயே இறந்தார். திருநெல்வேலிச் சீமையில் அவர் பணியாற்றிய இடையன்குடியில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மோட்டார் சாலை இல்லாத காலம் அது. அவருடைய உடலும் மனிதர் தோளில்தான் மலை இறங்கியிருக்க வேண்டும்.

'சீசன்' ஊர்

1899இல் கொடைக்கானல் நகராட்சி ஆயிற்று. 1901 மார்ச்சு மாதக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,912 மட்டுமே. கணக்கெடுப்பு நடந்தது சீசனுக்கு முன்பு. ஏப்ரல், மே மாதங்களில் ஊரில் இருந்தவர்களை அந்த எண் காட்டாது. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் நிரம்பி, மற்ற மாதங்களில் வெறிச்சோடும் ஊராக அது இருந்தது. கடை வைத்தவர், துணி வெளுத்தவர், சமைத்தவர், குதிரை வைத்திருந்தவர் ஆகிய அனைவருக்கும் ஆண்டு வருமானம் அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான். இந்த வாழ்க்கை முறை இன்றும் பெரிதாக மாறவில்லை.

விடுமுறைக்கு வந்தவர்கள் காலையில் ஏரியைச் சுற்றி நடப்பார்கள். படகு விடுவார்கள். உணவைக் கட்டிக்கொண்டு தூண் பாறைக்கும், இன்னும் தொலைவாகப் பேரிஜம் வரைக்கும் கால்நடையாகச் சென்று வருவார்கள். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி 13 மாணவருடன் தொடங்கியது. 1908இல் வன அதிகாரி பிரயண்ட் ஏரிக்கு அருகே பூங்கா ஒன்றை அமைத்தார்.

இதே காலத்தில் ஊருக்கு விடுமுறையோடு தொடர்பில்லாத ஒரு பெருமையும் சேர்ந்தது. 1870களில் தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பின், சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என ஆராய வேண்டும் என்ற கருத்து வலுத்தது. அதன் தொடர்ச்சியாக அமைந்ததே கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நகரும் விதத்தை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்குதான் கண்டறிந்தார். இயற்பியல் நூல்களில் அது 'எவர்ஷெட் விளைவு' எனப்படுகிறது.

ஏரியில் படகு விட 1890இல் ஒரு படகுக் கழகம் உருவாயிற்று. 1910இல் புதிய படகுத்துறை கட்டப்பட்டது. ஆயினும் பொதுமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் கழகம் திறந்துவிடப்பட்டது 1932இல்தான். ஏரி தோன்றி அதற்குள் 69 ஆண்டுகள் ஆகிவிட்டன. டோலியில் ஏற வசதி இல்லாதவர்களுக்கு விடுமுறையும் இல்லை, படகும் இல்லை என்ற நிலையே அதுவரை இருந்தது.

சாலை வந்த பின்

மேஜர் லா என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வண்டிப்பாதைக்குத் தடம் வகுத்திருந்தார். பணி முடியாமல் நெடுங்காலம் கிடந்தது. 1910களின் நடுப்பகுதியில்தான் வத்தலக்குண்டு வழியான அச்சாலை முழுமை பெற்று மோட்டார் வண்டிகள் மேலே வந்தன. 'லாஸ் காட்' என்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இன்று பேருந்துகள் ஏறுவதும் இதன் வழியேதான். கூலி காட் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

ஒரு நாளில் ஏறி ஒரு நாளில் இறங்கலாம் என்றானதும் வருபவர்கள் மாறினார்கள். 1936இல் குறிஞ்சி ஆண்டவர் கோவில் கட்டப்பட்டது. கட்டுவித்தவர் இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி. ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்தைத் தழுவியவர் அவர். கோவில் பெயரில் உள்ள குறிஞ்சி, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலர். கடைசியாக 2018இல் பூத்தது.

விடுதலைக்குப் பின் மே மாத விடுமுறையில் குடும்பத்துடன் கொடைக்கானல் செல்வது தமிழ்நாட்டு நடுத்தர வகுப்பின் வழக்கம் ஆயிற்று. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஒரு சிலர் மட்டும் அனுபவித்த குளிரும் ஏரியும் எல்லார்க்கும் கிடைத்தது நல்ல மாற்றமே. ஆனால் அதன் சுமை ஏரியின் மேல் இறங்கியது. கரையோரம் கட்டடங்கள் நெருங்கின, கழிவுநீர் கலந்தது. 1980களில் தொடங்கி 2001இல் மூடப்பட்ட ஒரு வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் மண்ணிலும், ஏரியின் நீரிலும் மீனிலும் கூட இருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். நல்ல காற்றும் நீரும் தேடி மனிதர்கள் ஏறிய மலைக்கு இது நேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 36,501.

வாகன நெரிசல் கட்டுக்கடங்காமல் போகவே, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 'இ-பாஸ்' கட்டாயம் ஆயிற்று. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது.

லெப்டினன்ட் வார்டு 1821இல் தங்கிய வெள்ளகவி இன்றும் மலைச்சரிவில் இருக்கிறது. பெரியகுளம் கும்பக்கரையிலிருந்து கொடைக்கானல் ஏறும் பழைய நடைபாதையில் பாதி வழியில் உள்ள ஊர் அது. ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை என்பது அவ்வூர்க் கட்டுப்பாடு. மேலே வாகனங்களுக்கு வரம்பு கட்டும் நிலை வந்துவிட்ட இந்த ஆண்டுகளிலும் அவ்வூருக்குச் சரியான சாலை இல்லை. விளைந்த பொருள்கள் குதிரை முதுகில் செல்கின்றன. யாருக்காவது நோய் முற்றினால், ஊரார் டோலி கட்டித் தோளில் வைத்து, மேலே வட்டக்கானல் சாலைக்கோ கீழே கும்பக்கரைக்கோ தூக்கிச் செல்கிறார்கள்.