பலூனிலிருந்து பிறந்த பயிற்சி



வளரும் பிள்ளைகள் சிலருக்கு முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்துவிடும். மருத்துவர்கள் இதை ஸ்கோலியோசிஸ் என்பார்கள். நாம் கூன் என்று சொல்வது வேறு. அது முன்பக்கமாக வளைவது. இதில் தண்டு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கியும் கொள்ளும். ஒரு பக்க விலா எலும்புகள் முதுகில் புடைக்கும், மறுபக்கம் குழிவிழும். அதனால்தான் "நேராக நில்" என்று அதட்டுவதால் இது சரியாவதில்லை.

இதற்கென்று தனிப் பயிற்சி முறை கண்டவர் காத்தரீனா ஷ்ரோத். 1894இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். அவரே இந்த வளைவு உள்ளவர். 16 வயதில் அவருக்கு எஃகுக் கவசம் மாட்டினார்கள். கவசம் வெளியிலிருந்து அழுத்தியது. உள்ளிருந்து ஏன் தள்ளக்கூடாது என்று அவர் யோசித்தார். காற்று நிரம்பும்போது பலூனின் குழி மேலெழுவதைக் கண்டு, கண்ணாடி முன் நின்று, தன் உடம்பின் குழிந்த பக்கத்துக்கு மூச்சைச் செலுத்திப் பழகினார். வளைவுக்கு எதிர்த்திசையில் உடம்பைத் திருத்தி, அந்த நிலை எப்படியிருக்கிறது என்று உணரவும் கற்றார்.

1921இல் மைசன் நகரில் சிறு பயிற்சி நிலையம் தொடங்கினார். வந்தவர்கள் மூன்று மாதம் அங்கேயே தங்கிப் பழகினார்கள். பின்னர் மகள் கிறிஸ்டாவும் துணைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இருவரும் மேற்கு ஜெர்மனிக்குப் பெயர்ந்து, சோபர்ன்ஹைம் என்ற ஊரில் மீண்டும் சிறிய அளவில் தொடங்கினார்கள். அது ஒரே நேரத்தில் 150 பேருக்கு மேல் தங்கும் மருத்துவமனையாக வளர்ந்தது. காத்தரீனா 1985இல் காலமானார்.

மருத்துவ உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. பயிற்சியால் வளைவு நிற்பதில்லை என்று 1941இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கத்தின் குழு ஒன்று அறிக்கை தந்தது. 1962இல் பால் ஹாரிங்டன் உலோகக் கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சை பற்றி எழுதினார். பெரிய வளைவுகளுக்கு அதுவே வழியானது. 2013இல் வெளியான பெரிய ஆய்வில், கவசம் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கும், அணியாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வளைவு அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவை எட்டவில்லை. 2016இல் கனடாவில் 50 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான கவனிப்போடு ஆறு மாதம் ஷ்ரோத் பயிற்சியும் செய்தவர்களுக்கு வளைவு சில பாகையாவது கூடுதலாகக் கட்டுப்பட்டது. ஆகவே பயிற்சி நல்ல துணை. கவசத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ மாற்று அன்று.

பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வயதுக்கு மேல் உயரம் வேகமாகக் கூடும் காலத்தில்தான் வளைவும் கூடும். பெரிய வளைவு பெண்பிள்ளைகளுக்கே அதிகம். கால்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல் முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் 10 பாகைக்கு மேல் இருந்தால்தான் இந்தப் பெயரே வைப்பார்கள். ஒவ்வொரு வளைவும் ஒரு விதம். எனவே வீடியோ பார்த்துப் பழகாமல், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்கட்டும்.

முக்கியமாக, "கோணலாக நடக்கிறாயே" என்று நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். வெட்கப்பட்டுத் துப்பட்டாவுக்குள் மறைக்கும் பிள்ளை, சிகிச்சைக்கு உரிய காலத்தையும் மறைத்துவிடும்.