இலங்கை

தமிழ்நாட்டுக்குத் தென்கிழக்கே, பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள வெப்பமண்டலத் தீவு நாடு. பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். 2012 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு கோடியைத் தாண்டியிருந்தது. நடுவே மலைநாடு, உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலவின் உயரம் 2,524 மீட்டர். தென்மேற்குப் பகுதி ஈர வலயம். வடக்கும் கிழக்கும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய உலர் வலயம்; பழைய அரசர்கள் பெருங்குளங்களை வெட்டியது இங்கேதான்.

இந்தத் தீவு கடலால் பிரிக்கப்பட்டது மிகப் பிந்திய காலத்தில். பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது பாக் நீரிணை நடந்து கடக்கும் நிலமாக இருந்தது. அதற்கு உயிருள்ள சாட்சி தமிழ்நாட்டின் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலேயே உண்டு. அங்குள்ள சாம்பல் நிற அணில், உலகில் இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில காடுகளிலும் மட்டுமே வாழ்கிறது. மரத்துக்கு மரம் தாவி வாழும் இந்த விலங்கு கடலை நீந்திக் கடந்திருக்க வழியில்லை. அறிவியல் உலகம் இதை முதலில் அறிந்தது 18ஆம் நூற்றாண்டில், இலங்கை விலங்காக. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கான சரணாலயம் 1988இல் அறிவிக்கப்பட்டது.

அனுராதபுரம், பொலன்னறுவை அரசுகளுக்குப் பின் சிங்கள அரசுகள் தெற்கு நோக்கி நகர்ந்தன. வடக்கே யாழ்ப்பாணத் தமிழரசு எழுந்தது. 1505இல் போர்த்துக்கீசர் வந்தனர். 1619இல் யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போனது. 1658இல் டச்சுக்காரர், 1796இல் ஆங்கிலேயர். 1815இல் கண்டியும் வீழ்ந்தது.

கண்டி மலைகளில் காப்பித் தோட்டம் போட ஆங்கிலேயருக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். பஞ்சமும் கடனும் துரத்த, மக்கள் 'கண்டிச்சீமை'க்குக் கிளம்பினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1869இல் தொடங்கிய இலைநோய் காப்பியை அழித்தது. 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன் எனும் வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்டன.

1948 பிப்ரவரி 4இல் நாடு விடுதலை பெற்றது. நாட்டின் ஏற்றுமதி வருவாயைச் சுமந்த இந்தத் தோட்ட மக்களின், அதாவது மலையகத் தமிழரின், குடியுரிமையை அதே ஆண்டுச் சட்டம் பறித்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. அந்த நாட்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நன்றிகெட்ட செயல் குறைவு. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மீதி 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டன. சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் தாய்க்கு ஒரு நாடு, மகனுக்கு ஒரு நாடு என்றானது. நாடற்றோராக எஞ்சியவர்களுக்கு 2003 சட்டம்தான் வழி திறந்தது.

1972இல் நாடு குடியரசாகி, சிலோன் என்ற பெயரை விட்டது. 1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. 2022இல் பொருளாதாரம் சரிந்து, மக்கள் எழுச்சியில் குடியரசுத் தலைவர் கோத்தபய ராஜபக்ச பதவி விலகினார். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தனர். வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமை என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று.