தணிகைக்குச் செல்லும் வழிகள்

திருத்தணியில் ஊர் இரண்டு தளங்களில் அமைந்திருக்கிறது. மேலே முருகன் கோயில் நிற்கும் மலை. கீழே நந்தியாற்றை ஒட்டிய சமவெளி. சமவெளியிலும் பழமைக்குக் குறைவில்லை. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயில் பல்லவன் அபராஜிதன் காலத்தது, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் ஊரின் பாதைகள் எந்தத் திசையில் போக வேண்டும், எவ்வளவு அகலம் கொள்ள வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மலைக்கு வருகிறவர்களே தீர்மானித்தார்கள்.

அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் நீராடிவிட்டு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது வழக்கு. சுவாமிமலையில் 60 படிகள் தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிப்பது போன்றதுதான் இதுவும். டிசம்பர் 31 அன்று நடக்கும் படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடியபடி ஏறுகிறார்கள். இதைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டன்று எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்கார துரைமார் வீட்டு வாசலில் நிற்பதற்குப் பதில் தணிகை துரையைப் போய்ப் பார்க்கலாமே என்பது அவருடைய எண்ணம். விழாவொன்று பாதையின் பெயரையே பெற்றுக்கொண்டது அபூர்வம். படிகள் வேகத்துக்காக அமைக்கப்பட்டவை அல்ல. காவடி சுமப்பவரும் குழந்தையைத் தோளில் ஏற்றியவரும் மூச்சு வாங்க நின்று ஏறுவதற்கான வழி அது.

இரும்புப் பாதை வந்தபோது கணக்கு மாறியது. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலான முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியது. அந்தத் தடத்தில் அரக்கோணத்தில் பிரிந்து ரேணிகுண்டா நோக்கிச் சென்ற வடமேற்குக் கிளை 1860களில் போடப்பட்டது. 1871இல் அது ராய்ச்சூரில் பம்பாய்த் தடத்தோடு இணைந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையில் அஞ்சலையும் சரக்கையும் கொண்டுபோக அமைத்த பாதை அது. திருத்தணி அதன் ஓரத்தில் அகப்பட்டது ஊருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அதுவரை கூண்டு வண்டியிலும் கால்நடையாகவும் நாட்கணக்கில் வந்த சென்னைக் குடும்பங்கள் ஒரே நாளில் தரிசனம் முடித்துத் திரும்ப முடிந்தது. அதன் பிறகு ரயில் நிலையத்திலிருந்து அடிவாரம் வரையிலான சிறு தூரமே வண்டிக்காரர்களின் பிழைப்பாயிற்று.

ஆட்சி எல்லை வேறொரு விதத்தில் வழிகளைத் திருப்பியது. கார்வேட்டி நகர ஜமீனுக்கு உட்பட்டிருந்த இப்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. அந்த மாவட்டத்தோடு 1953இல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. கச்சேரி வேலையென்றால் சித்தூர்தான் போக வேண்டும் என்ற நிலை. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றைக் கடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. சாலைகள் இருந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றில் நடந்தவர்களின் முகம்தான் மேற்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பியது. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானதும் பயணம் இன்னும் சுருங்கியது. ஊருக்குள் சித்தூர் சாலை, அரக்கோணம் சாலை, ம.பொ.சி. சாலை என்ற பெயர்களை வரிசையாகப் படித்தாலே இந்த வரலாறு கிடைத்துவிடும்.

மோட்டார் பெருகியபோது மலைக்கோயில்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியைத் தேர்ந்தன. திருமலையில் 1944இல் மலைச்சாலை திறக்கப்பட்டது. பழநியில் 1966இல் இழுவை ரயிலும் 2004இல் கம்பிவட ஊர்தியும் வந்தன. வாகனத்தைக் கீழேயே நிறுத்திவிட்டு ஆளை மட்டும் மேலேற்றுவது பழநியின் முறை. திருத்தணி வளைந்து ஏறும் தார்ச்சாலையைக் கைக்கொண்டது. பேருந்தும் காரும் ஆட்டோவும் கோயில் அருகிலேயே போய் நிற்கின்றன. முதியவர்களுக்கு இதைவிட நல்ல வசதி இல்லை. ஆனால் மலையுச்சி விரிந்துகொடுக்காது. கீழே இருந்த நெரிசலை அந்தச் சாலை மேலேயும் கொண்டுசேர்த்தது.

அடிவார ஊரின் சுமை வேறு. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை (முன்பு எண் 205, இப்போது 716) திருத்தணியைத் தொட்டு, பொன்பாடியைத் தாண்டி ஆந்திரத்துக்குள் நுழைகிறது. திருப்பதி பக்தரின் வேனும் ஆந்திரச் சரக்கு லாரியும் திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டரும் சேரும் வழி இது. பொன்பாடியில் மாநில வரிச் சோதனைக்காக லாரிகள் வரிசையில் நின்ற காலமும் உண்டு. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்த பின் நாடு முழுவதும் அத்தகைய சாவடிகள் எடுக்கப்பட்டன. ஊருக்குள் வேலையில்லாத வண்டிகளை வெளியிலேயே திருப்பிவிடப் புறவழிச்சாலை உதவுகிறது. கடைத்தெருவுக்கு வரும் சைக்கிள்காரருக்கும் பாதசாரிக்கும் இதனால் கிடைத்த நன்மை குறைவு. நடைபாதைக்கென விட்ட இடத்தில் பூக்கடையும் பொரிக்கடையும் உட்கார்ந்துகொள்வது கோயில் ஊர்களுக்கெல்லாம் பொதுவான சங்கதி. அந்தக் கடைகளை நாடித்தான் நடப்பவர்களும் வருகிறார்கள் என்பதால் அதைக் குற்றமென்று மட்டும் சொல்லவும் முடியாது.

ஆடிக் கிருத்திகையின்போது இந்த ஏற்பாடுகள் தலைகீழாகின்றன. சென்னையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் புஷ்பக் காவடியோடு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள்; சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம் நடக்கிறது. அப்போது ஊரின் எல்லைகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கின்றன. மலைச்சாலையில் தனியார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்படுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து அடிவாரம் வரை தெருவின் முழு அகலமும் நடப்பவர்களுடையதாகிறது. காவடிகள் 365 படிகளின் வழியே ஏறுகின்றன.