கண்டி இராச்சியமும் பௌத்த நிக்காயங்களும்

கண்டி இராச்சியம் என்பது இலங்கையின் மத்திய மலைநாட்டில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றி 1815ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்த அரசு ஆகும். இத்தீவில் ஐரோப்பியர் ஆட்சிக்கு இறுதியாக உட்பட்ட சுதேச இராச்சியம் இதுவே. இங்கு மன்னரின் ஆட்சியுரிமை பிறப்பால் மட்டும் உறுதிப்படவில்லை. புத்தரின் பல் எனப் போற்றப்படும் புனித தந்த தாதுவைத் தம் காவலில் வைத்திருப்பவரே முறையான அரசர் எனக் கருதப்பட்டார். பௌத்த சமயத்தைக் காப்பதும், பிக்குகளின் சங்கத்தை ஒழுங்குபடுத்துவதும் அவரது முதற் கடமைகளாக இருந்தன. இன்று இலங்கைப் பௌத்தத்தில் காணப்படும் சியாம், அமரபுர, ராமஞ்ஞ ஆகிய மூன்று பெரும் நிக்காயங்களுள் (பிக்குகளின் பிரிவுகள்) முதலாவது இவ்வரசின் முயற்சியால் உருவானது. ஏனைய இரண்டும் அரசாணை எட்டாத கரையோரத்திலிருந்து எழுந்தன.

தந்த தாதுவும் அரசுரிமையும்

மரபுவழிச் செய்திகளின்படி தந்த தாது கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கலிங்க நாட்டிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அனுராதபுரம், பொலன்னறுவை, கோட்டே என அரசின் தலைநகர் மாறியபோதெல்லாம் தாதுவும் உடன் சென்றது. 1560இல் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய போர்த்துக்கேயர் அங்கு கைப்பற்றிய ஒரு பல்லையே தந்த தாது எனக் கருதிக் கோவாவுக்கு எடுத்துச் சென்று அழித்தனர். உண்மையான தாது சபரகமுவையில் உள்ள தெல்கமுவ விகாரையில் மறைத்துவைக்கப்பட்டிருந்தது என்பது சிங்கள பௌத்தரின் நம்பிக்கை.

அத்தாதுவைக் கண்டிக்குக் கொண்டுவந்து அதற்கு மாளிகை எழுப்பியவர் முதலாம் விமலதர்மசூரியன் (1604இல் இறந்தார்). இவர் இளமையில் போர்த்துக்கேயரிடம் வளர்ந்து, ஞானஸ்நானம் பெற்று, தொன் யுவான் என்னும் பெயர் பூண்டிருந்தவர். பின்னர் அவர்களையே எதிர்த்து மலைநாட்டின் அரசரானார். கத்தோலிக்கராயிருந்து மீண்ட ஒருவருக்கு, தாம் பௌத்த அரசர் என்பதை மக்களுக்குக் காட்டத் தந்த தாதுவைவிடச் சிறந்த சான்று வேறு இருந்திருக்க முடியாது. அடுத்த நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த மன்னர்களுக்கும் இதே தேவை ஏற்பட்டது.

கண்டி அரசில் பௌத்தம் ஒன்றே இருந்தது எனக் கொள்ளுதல் தவறாகும். நகரின் நடுவே நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நான்கு தெய்வங்களுக்குத் தேவாலயங்கள் இருந்தன, இன்றும் உள்ளன. பத்தினி என்பது கண்ணகி வழிபாடே. ஒல்லாந்தரால் துன்புறுத்தப்பட்ட கத்தோலிக்கருக்கு இரண்டாம் விமலதர்மசூரியன் அடைக்கலம் அளித்தார். கோவாவைச் சேர்ந்த குருவான யோசப் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்து, 1711இல் இறக்கும் வரை அங்கிருந்தே சமயப் பணி புரிந்தார்.

மதுரையிலிருந்து வந்த மன்னர்கள்

கண்டி அரசர்கள் சூரிய குல சத்திரியர் எனத் தம்மைக் கூறிக்கொண்டனர். உள்நாட்டுப் பிரபுக்கள் எவ்வளவு செல்வாக்குப் பெற்றிருந்தாலும் அவர்கள் கொவிகம (வேளாண்) சாதியினரே ஆதலால், பட்டத்து அரசியர் மதுரை நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டனர். வீர நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தபோது பட்டத்து அரசிக்கு மக்கள் இல்லை. பிரபு குலப் பெண்ணொருத்திக்குப் பிறந்த உனம்புவே பண்டார என்னும் மகன் அரச குலத்தவராக ஏற்கப்படவில்லை. எனவே அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினார். ஒரு காலத்தில் வடக்கே சேலம், நாமக்கல் சமவெளி வரை பரவியிருந்த மதுரை நாயக்கர் அரசு 1736இல் முடிவுற்றது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் கடல் கடந்து அரியணை ஏறியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இவ்வாறு தோன்றிய கண்டி நாயக்கர் மரபில் நால்வர் ஆண்டனர்: ஸ்ரீ விஜய ராஜசிங்கன் (1739-1747), கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747-1782), ராஜாதி ராஜசிங்கன் (1782-1798), ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (1798-1815). நால்வரும் பௌத்தத்தை ஏற்று ஆண்டனர். ஆயினும் அவர்களது உறவினர் கண்டியில் தனித் தெருவில் வாழ்ந்து தம் சைவ, வைணவ வழக்கங்களைத் தொடர்ந்தனர்.

அற்றுப்போன உபசம்பதா

தேரவாத பௌத்தத்தில் துறவுக்கு இரு படிகள் உண்டு. முதற்படியில் இருப்பவர் சாமணேரர். உபசம்பதா என்னும் உயர் தீட்சை பெற்ற பின்னரே ஒருவர் முழுமையான பிக்கு ஆகிறார். இத்தீட்சையை முன்னரே அதைப் பெற்ற பிக்குகள் குழுவாகக் கூடியே வழங்க முடியும். எல்லைப்புற நாடுகளில் குறைந்தது ஐவராவது வேண்டும் என்பது விநய விதி. ஆகவே ஒரு நாட்டில் உபசம்பதா பெற்றோர் தொகை அந்த அளவுக்குக் கீழே குறைந்துவிட்டால், அந்நாட்டவர் எவ்வளவு விரும்பினாலும் பிக்கு பரம்பரையைத் தாமே மீட்க இயலாது. வெளிநாட்டிலிருந்து பிக்குகளை அழைத்தே ஆகவேண்டும். அதற்குத் தூது அனுப்பவும், கப்பலும் காணிக்கையும் ஏற்பாடு செய்யவும் வல்லவர் அரசர் ஒருவரே.

போர்களாலும் ஆதரவின்மையாலும் இலங்கையில் இந்நிலை மீண்டும் மீண்டும் ஏற்பட்டது. முதலாம், இரண்டாம் விமலதர்மசூரியர்கள் இருவரும் அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வருவித்தனர். ஆனால் அவ்விரு பரம்பரைகளும் நிலைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விகாரைகளில் இருந்தோர் கணின்னான்சே எனப்பட்ட சாமணேரர்களே. அவர்களுள் பலர் குடும்பம் உடையவர்களாக, விகாரை நிலங்களைத் தம் உறவினருக்கே விட்டுச் சென்றனர். இந்நிலையை மாற்ற முனைந்தவர் வெலிவிட்ட சரணங்கரர் (1698-1778). இவர் பாளி மொழிக் கல்வியை மீட்டு, சில்வத் சமாகமம் என்னும் ஒழுக்க நெறிக் குழுவை உருவாக்கினார். எனினும் இவரும் தம் 55ஆம் வயது வரை சாமணேரராகவே இருக்க நேர்ந்தது.

சியாம் நிக்காயம்

சரணங்கரரின் தூண்டுதலால் சியாம் நாட்டுக்கு மும்முறை தூது சென்றது. 1741இல் சென்ற கப்பல் உடைந்தது. 1747இல் சென்ற தூது, மன்னர் இறந்ததால் பயனின்றிப் போனது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1750இல் ஒல்லாந்தரின் கப்பலில் அனுப்பிய தூதே வெற்றி பெற்றது. அயுத்தியாவின் அரசர் பொரோமகோட், உபாலி தேரர் தலைமையில் பிக்குகளை அனுப்பினார். 1753ஆம் ஆண்டு எசல மாதப் பௌர்ணமியன்று கண்டி மல்வத்தையில் உபசம்பதா மீண்டும் வழங்கப்பட்டது. சரணங்கரர் சங்கராசர் ஆனார். உபாலி தேரர் 1756இல் கண்டியிலேயே காலமானார்.

பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இலங்கையிலிருந்து சியாமுக்குச் சென்று வேரூன்றிய துறவு மரபே இப்போது திரும்பி வந்தது என்பதும் கருதத்தக்கது. பௌத்தம் அல்லாத நாயக்கர் குடும்பத்தில் பிறந்த அரசர், கிறித்தவரான ஒல்லாந்தரின் மரக்கலத்தில், அயல்நாட்டுப் பிக்குகளைக் கொண்டுவந்து இலங்கைப் பௌத்தத்தை மீட்டார் எனலாம்.

சியாம் நிக்காயம் மல்வத்தை, அஸ்கிரிய என இரு பீடங்களாக அமைந்தது. மல்வத்தை கிராமவாசிப் பிக்குகளின் மரபிலும், அஸ்கிரிய வனவாசிப் பிக்குகளின் மரபிலும் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மகாநாயக்க தேரர் உண்டு.

கீர்த்தி ஸ்ரீ தம்புள்ளை, ரிதி விகாரை, தெகல்தொருவை முதலிய விகாரைகளைப் புதுப்பித்தும் அமைத்தும் ஓவியங்களால் அழகுபடுத்தினார். மகாவம்சத்தின் தொடர்ச்சியைத் திப்பட்டுவாவே புத்தரக்கித தேரர் எழுதியதும் இவர் காலத்தில்தான். முன்னர் நான்கு தேவாலயங்களுக்குரியதாக இருந்த எசல பெரகரா ஊர்வலத்தில் தந்த தாதுப் பேழை முதலிடம் பெற்றது இவரது ஆணையால் ஆகும். அதே வேளை முன்னேசுவரம் சிவன் கோயிலைப் புதுப்பித்து மானியம் அளித்தவரும் இவரே.

1760ஆம் ஆண்டுச் சதி

இத்தனை செய்தும் பிரபுக்களிலும் பிக்குகளிலும் ஒரு சாரார் மன்னரை அயலவராகவே பார்த்தனர். அவர் நெற்றியில் திருநீறு அணிந்தார் என்பது அவர்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. 1760இல் அவரைக் கொன்று, சியாம் நாட்டு இளவரசர் ஒருவரை அரியணையில் அமர்த்தச் சதி நடந்தது. இதில் சமனக்கொடி அதிகாரும், மன்னராலேயே சங்கராசராக உயர்த்தப்பட்ட சரணங்கரரும் தொடர்புற்றிருந்ததாகக் கூறப்படுகிறது. சதி வெளிப்பட்டு அதிகார் கொல்லப்பட்டார். சியாம் இளவரசர் நாட்டைவிட்டு அகற்றப்பட்டார். தண்டிக்கப்பட்ட சரணங்கரர் பின்னர் மன்னிக்கப்பட்டு முன்னைய நிலையை அடைந்தார்.

இந்நிகழ்வு கண்டி அரசின் இயல்பை நன்கு விளக்குகிறது. சதிகாரர் மன்னருக்கு மாற்றாகத் தேடியது சிங்களவர் ஒருவரை அன்று. பௌத்தராகப் பிறந்த வேறொரு வெளிநாட்டவரையே. மொழியையும் இனத்தையும்விட அரச குலமும் சமயமுமே அன்று முதன்மை பெற்றன. பிற்கால இனப் பிரிவினைகளை அக்காலத்தின்மீது ஏற்றிப் பார்ப்போர் இதைக் கவனிப்பதில்லை.

சாதியும் அமரபுர நிக்காயமும்

1753இல் உபசம்பதா பெற்றவர்களுள் கொவிகம அல்லாதோரும் இருந்தனர். ஆனால் கீர்த்தி ஸ்ரீ காலத்திலேயே, கொவிகம சாதியினருக்கு மட்டுமே அத்தீட்சை வழங்கப்படும் என்னும் கட்டுப்பாடு அரசாணையால் நடைமுறைக்கு வந்தது. புத்தரின் போதனையில் இதற்கு இடமில்லை. சங்கத்துள் நுழைந்தவர் கடலில் கலந்த ஆறு போலத் தம் பழைய பெயரையும் குலத்தையும் இழப்பர் என்பதே மூல நூல்களின் கொள்கை. விகாரைகளுக்குரிய பெரு நிலங்களையும், அந்நிலங்களில் சாதிவாரியாகச் செய்யப்பட்ட இராசகாரிய ஊழியத்தையும் எண்ணினால் இக்கட்டுப்பாட்டின் காரணம் ஓரளவு விளங்கும். தாழ்ந்தவராகக் கருதப்பட்டவர் காவியுடுத்தினால் பிரபுவும் அவரை வணங்க வேண்டியிருக்கும்.

கரையோரத்தில் வாழ்ந்த சலாகம, கராவ, துராவ சாதியினர் கண்டி மன்னரின் குடிகள் அல்லர். முதலில் ஒல்லாந்தரும் 1796 முதல் பிரித்தானியரும் அவர்களை ஆண்டனர். கறுவாத் தொழிலாலும் வணிகத்தாலும் அவர்களுள் சிலர் செல்வம் சேர்த்திருந்தனர். கண்டி மறுத்ததை வேறிடத்தில் பெற அவர்களால் முடிந்தது. 1799இல் அம்பகஹபிட்டிய ஞானவிமல என்னும் சாமணேரர், சலாகம செல்வர்களின் உதவியுடன் பர்மாவுக்குப் பயணமானார். அந்நாட்டின் தலைநகரான அமரபுரத்தில் உபசம்பதா பெற்று 1803இல் திரும்பினார். அவ்வாண்டே பலப்பிட்டியவில் மாது கங்கையின் நீர்மேல் அமைத்த மேடையில் உபசம்பதாச் சடங்கு நடைபெற்றது. இலங்கையில் அரசரின் அனுமதியின்றி ஒரு நிக்காயம் தோன்றியது இவ்வாறே.

எனினும் சாதியை எதிர்த்துப் பிறந்த அமரபுர நிக்காயம் விரைவிலேயே சாதிவாரியாகப் பல கிளைகளாகப் பிரிந்தது. வேறு பிணக்குகளும் இருந்தன. சீமை எனப்படும் சடங்கு எல்லை எவ்விதத் தொடர்பாலும் நிலத்துடன் கலக்கலாகாது. நீர்மேடைக்கும் கரைக்கும் இடையே இடப்பட்ட பாலம் அவ்வெல்லையைக் கெடுத்துவிட்டதா என்னும் வினா 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும் பூசலாகி மேலும் பிளவை உண்டாக்கியது. படிப்போருக்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் சீமை பிழையானால் அதில் பெற்ற தீட்சை செல்லாது. தீட்சை செல்லாதெனில் அவர்கள் பிக்குகளே அல்லர்.

1864இல் தோன்றிய ராமஞ்ஞ நிக்காயத்தின் நிறுவுநர் அம்பகஹவத்தை இந்திராசபவர ஞானசாமி தேரர். கீழைப் பர்மாவின் மரபைப் பின்பற்றிய இது, எளிய வாழ்வையும் விநய ஒழுக்கத்தையும் வலியுறுத்தி, சாதி வேறுபாட்டை மறுத்தது.

வேறுபாடுகள்

மூன்று நிக்காயங்களுக்கும் திரிபிடகம் ஒன்றே. கொள்கை வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். இவற்றைக் கிறித்தவத்தின் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சபைகளுடன் ஒப்பிடுவது பொருந்தாது. வேறுபாடு தீட்சைப் பரம்பரையிலும் சாதியிலும் நடையுடையிலுமே உள்ளது. சியாம் நிக்காயத்தார் வலத் தோளைத் திறந்து சீவர ஆடை அணிவர், புருவத்தை மழிப்பர். ஏனைய இரு நிக்காயத்தார் வெளியே செல்லும்போது இரு தோள்களையும் மூடுவர், புருவத்தை மழிப்பதில்லை. ராமஞ்ஞ பிக்குகள் துணிக் குடைக்குப் பதிலாகப் பனையோலைக் குடையைப் பிடிப்பது முன்னர் அவர்களது அடையாளமாக இருந்தது.

மன்னர் இல்லாத சங்கம்

1815 பெப்ரவரி 18ஆம் நாள் பிரித்தானியரிடம் பிடிபட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1816இல் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832 சனவரி 30ஆம் நாள் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவரது நினைவிடம் ஆகும். 1815 மார்ச் 2ஆம் நாள் கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, பௌத்த சமயத்தையும் அதன் குருமாரையும் வழிபாட்டிடங்களையும் பேணிக் காப்பதாக உறுதியளித்தது. கண்டிப் பிரபுக்களின் பார்வையில் இங்கிலாந்து அரசர் தம் முன்னைய மன்னரின் இடத்தையே ஏற்றிருந்தார். 1817-1818 கிளர்ச்சியின்போது தந்த தாது இரகசியமாக வெளியே கொண்டுசெல்லப்பட்டது. அது மீண்டும் பிரித்தானியர் கையில் கிடைத்தபோதே அவர்களது ஆட்சி உறுதியானதாக மக்கள் கருதினர்.

கிறித்தவ அரசு ஒன்று பௌத்தத்தைக் காப்பதா என மிசனரிமார் எதிர்த்தமையால், 1840களில் அரசு இப்பொறுப்பிலிருந்து விலகத் தொடங்கியது. இதனால் சங்கத்துக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்கவும், ஒழுங்கு மீறியோரை நீக்கவும் அதிகாரம் உடைய எவரும் இல்லாத நிலை உண்டாயிற்று. நிக்காயங்கள் தொடர்ந்து கிளைத்தமைக்கு இவ்வெற்றிடம் முக்கிய காரணம். சியாமில் நிகழ்ந்ததுடன் இதை ஒப்பிடலாம். அங்கும் இளவரசர் மோங்குட் 1830களில் தம்மயுத்திக என்னும் புதிய நிக்காயத்தைத் தொடங்கினார். ஆனால் முடியாட்சி நிலைத்திருந்தமையால், 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இரு நிக்காயங்களும் ஒரே சங்க நிருவாகத்தின் கீழ் அமைந்தன.

இலங்கையின் 1972, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புகள் பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்து, அதைப் பாதுகாத்தலை அரசின் கடமை ஆக்கின. அமரபுர, ராமஞ்ஞ நிக்காயங்கள் 2019இல் ஒரே மகாசங்க சபையாக இணைந்தன. மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் சாதிக் கட்டுப்பாடு பெரும்பாலும் இன்றும் தொடர்கிறது. தலதா மாளிகையின் நிருவாகத்தைத் தியவதன நிலமே என்னும் தெரிவுசெய்யப்பட்ட பொதுநிலையினர் கவனிக்க, நாள் வழிபாடுகளை அவ்விரு பீடங்களின் பிக்குகளும் முறைவைத்து நடத்துகின்றனர். பதவியேற்கும் நாட்டுத் தலைவர்கள் கண்டிக்குச் சென்று தாதுவை வணங்கி, இரு மகாநாயக்கர்களையும் சந்திப்பது வழக்கமாக உள்ளது.