ஓடையும் வடிகாலும்: சிங்கப்பூர் நீர்வழிகளை மீட்டவர்களின் வரலாறு

தேக்கா என்னும் பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் உள்ள சந்தையையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் அது குறிக்கிறது. பெயர் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தது. மூங்கிற் புதர்களின் அடி என்பது அதன் பொருள். ரோச்சோர் நீர்வழியின் கரையில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்தில் அப்பெயர் தோன்றியது. அதே பகுதிக்கு மலாயில் வழங்கிய கண்டாங் கெர்பாவ் என்னும் பெயர் எருமைத் தொழுவத்தைக் குறிப்பது. இந்தியர் பலர் ஈடுபட்டிருந்த கால்நடைத் தொழிலுக்கு அவ்விடத்து நீர்வளம் வாய்ப்பாக அமைந்தது.

இன்று அங்கே மூங்கிற் கரையும் இல்லை, எருமைத் தொழுவமும் இல்லை. நீர்வழி இருக்கிறது, அதனை ரோச்சோர் கால்வாய் என்கிறோம். பேச்சில் இன்னும் ஒரு படி இறங்கிச் சாக்கடை என்றும் சொல்லிவிடுகிறோம். ஊர்ப்பெயர் நினைவில் வைத்திருக்கும் ஒன்றை நம் பேச்சு வழக்கு மறந்துவிட்டது. ஒரு நீர்வழியை எப்பெயரால் அழைக்கிறோமோ, அப்பெயருக்கு ஏற்பவே அதனிடம் எதிர்பார்க்கவும் அதனை நடத்தவும் செய்கிறோம். சிங்கப்பூரில் பொறியாளரும் உயிரியலாளரும் கடந்த அரை நூற்றாண்டில் செய்த பணியை இக்கோணத்திலிருந்து நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நீர்வழிச் சொற்கள்

நீர் செல்லும் வழிகளுக்குத் தமிழில் சொற்கள் பல உள்ளன. ஆறு என்னும் சொல்லுக்கே வழி என்னும் பொருள் உண்டு. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயரில் அப்பொருளே நிற்கிறது. ஓடை என்பது ஓடுதலோடு இயைத்துப் பார்க்கத்தக்கது. கால் என்பது நீர் செல்லும் தடத்தைக் குறித்து, வாய்க்கால், கால்வாய், வடிகால் ஆகிய கூட்டுச்சொற்களில் அமைகிறது.

உழவர் வழக்கில் வாய்க்கால் வயலுக்கு நீரைக் கொணர்வது. வடிகால் மிகுநீரை வெளியேற்றுவது. வெளியேறிய நீரை அவர்கள் வீண்நீராகக் கருதவில்லை. தமிழகத்தின் ஏரித் தொடர்களில் மேலேரி நிரம்பிக் கலிங்கு வழியாக வழிந்த நீர் கீழேரியைச் சென்று சேர்ந்தது. ஓர் ஊருக்கு மிகுநீர்க் கால்வாயாக இருந்ததே அடுத்த ஊருக்கு வரத்துக் கால்வாயாயிற்று.

சாக்கடை என்னும் சொல்லின் பொருள் வேறு. அது கழிவுநீர் செல்லும் வழி. சிங்கப்பூரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களில் சென்று சுத்திகரிப்பு நிலையங்களை அடைகிறது. தெருவோர வடிகாலில் செல்வது மழைநீர். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். அப்பகுதியில் பெய்யும் மழை வடிகால்கள், கால்வாய்கள், ஆறுகள் வழியே 17 நீர்த்தேக்கங்களைச் சேர்ந்து, பின்னர்ச் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. ஆகவே வடிகாலைச் சாக்கடை என்பது வழக்கு நயம் பற்றிய குறை மட்டுமன்று. செய்திப் பிழையும் ஆகும். அப்பெயரைக் கேட்டு வளரும் சிறுவன் அதில் குப்பையை எறியத் தயங்கமாட்டான்.

கால்வாய்களின் காலம்

ஓடைகள் கான்கிரீட்டுக்குள் அடைபட்டமைக்குப் பொறியாளரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. தாழ்நிலப் பகுதிகள் மழைக்காலந்தோறும் வெள்ளத்தில் மூழ்கின. 1978 டிசம்பர் 2 ஆம் நாள் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை பெய்தது, உயிர்கள் மாண்டன. வெள்ளநீரை விரைந்து கடலுக்கு அனுப்புவதே அக்காலப் பொறியியலின் தலையாய கடமையாக இருந்தது. புக்கிட் தீமா பகுதியின் வெள்ளத்தைத் தணிக்க, மிகுநீரை உலு பாண்டான் ஆற்றுக்குத் திருப்பும் கால்வாய் 1972 இல் கட்டி முடிக்கப்பட்டது. வளைந்து சென்ற ஓடைகள் பல நேராக்கப்பட்டன. கரைகளுக்கும் அடித்தளத்துக்கும் கான்கிரீட் பூசப்பட்டது.

நீரை விரைந்து கடத்தும் பணியை அவை செவ்வனே செய்தன. ஓடைவாழ் உயிர்களுக்கோ அங்கு இடமில்லாமற் போயிற்று. இயற்கையான ஓடையில் மடுவும் மேடும், கல்லும் வேரும், உதிர்ந்த இலைக்குவியலும் உண்டு. இலைக்குவியலைப் பூச்சிகளும் இறால்களும் உண்கின்றன. அவற்றை மீன்கள் உண்கின்றன. மரநிழல் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. கான்கிரீட் தளத்தில் நீர் மழையின்போது சீறிப் பாய்கிறது. மழை நின்றபின் மெல்லிய படலமாகி வெயிலில் சூடேறுகிறது. பற்றிக்கொள்ள வேரும் இல்லை, ஒளிந்துகொள்ளக் கல்லும் இல்லை.

இம்மாற்றத்துக்கு முன்பும் இடையிலும் இந்நாட்டு நன்னீர் உயிர்களைப் பொறுமையாகப் பதிவு செய்தவர்கள் உண்டு. பல்கலைக்கழக விலங்கியலாளர் டி. எஸ். ஜான்சன் 1950களிலும் 1960களிலும் மலாயா, சிங்கப்பூர் ஓடைகளை ஆராய்ந்தார். அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எரிக் ஆல்ஃபிரட் சிங்கப்பூரின் நன்னீர் மீன்களைப் பற்றிய நூலை 1966 இல் வெளியிட்டார். எவை இருந்தன என்னும் ஏடு இல்லாவிடில், எவை மறைந்தன என்று பின்னாளில் எவராலும் சொல்லியிருக்க முடியாது.

பத்தாண்டுப் பணி

சிங்கப்பூர் ஆற்றின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இவ்வாற்றில் சரக்குப் படகுகளைச் செலுத்துவதில் முன்னணியில் இருந்தனர். வணிகம் வளர்ந்தது, கரையில் மக்கள் நெருங்கினர். 1970களில் கழிவுநீர்க் குழாய் இணைப்பற்ற குடியிருப்புகள், தெருவோர உணவுக் கடைகள், குடிசைத் தொழில்கள், மேற்பகுதியில் இருந்த பன்றி, வாத்துப் பண்ணைகள் ஆகிய அனைத்தின் கழிவும் ஆற்றில் கலந்தது.

1977 பிப்ரவரி 27 ஆம் நாள் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் பகுதியையும் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்னும் இலக்கை வைத்தார். பொறியாளர் லீ எக் தியெங் சுற்றுச்சூழல் அமைச்சில் இப்பணியை முன்னின்று நடத்தினார். திட்டத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் டான் ஜீ பாவ்; பின்னாளில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக விளங்கியவர்.

அவர்கள் நோயின் மூலத்தைத் தேடினர். ஆற்றில் கழிவு மிதக்கிறது என்றால், அது வெளிவரும் வாயில் வீடுகளிலும் கடைகளிலும் பண்ணைகளிலும் உள்ளது. எனவே நீரைத் தொடுவதற்கு முன் நிலத்தைத் திருத்தினர். கழிவுநீர்க் குழாய்கள் நீட்டப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெரு வணிகர்கள் உணவங்காடிகளுக்கு மாற்றப்பட்டனர். பண்ணைகள் மூடப்பட்டன. 1983 இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. அதன்பின் ஆற்றடியின் சேறு அள்ளப்பட்டது. 1987 இல் பணி நிறைவெய்தியது. இழப்பீட்டைச் சேர்க்காமல் அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி.

இவ்வெற்றியைப் பாராட்டுகையில், தொழிலையும் வாழிடத்தையும் இழந்தோரையும் நினைவுகூர வேண்டும். படகோட்டியின் பிழைப்பும் பண்ணையாளரின் பரம்பரைத் தொழிலும் அந்தத் தூய்மைக்குக் கொடுக்கப்பட்ட விலையின் பகுதிகளாகும்.

நீர் தூய்மையடைந்தது, மீன்கள் திரும்பின. 2008 இல் மரினா அணைக்கட்டு முடிந்தபின் ஆற்றின் முகத்துவாரமே நன்னீர்த் தேக்கமாயிற்று. ஆயினும் தூய்மையான நீரும் உயிருள்ள ஆறும் ஒன்றல்ல. தூய நீரும் கான்கிரீட் கால்வாயில் ஓடக்கூடும்.

ஆற்றுக்கு இடம் தருதல்

இவ்வேறுபாட்டை உணர்ந்த அடுத்த தலைமுறைப் பொறியாளரின் களம் காலாங் ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடும் இதுவே சிங்கப்பூரின் மிக நீண்ட ஆறு. பீஷான் பூங்காவின் ஓரத்தில் அது 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. பூங்காவுக்கும் அதற்கும் இடையே வேலி நின்றது.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006 இல் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தின்கீழ், தேசியப் பூங்காக் கழகத்துடன் இணைந்து, ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் குழு இக்கால்வாயை மீண்டும் ஆறாக்க முன்வந்தது. கான்கிரீட்டை உடைத்தால் வெப்பமண்டலப் பெருமழையில் மண்கரை நிற்குமா என்பதே முதற்கேள்வி. மண்ணையும் செடியின் வேரையும் கல்லையும் கொண்டு கரையைக் காக்கும் இம்முறையை மண்சார் உயிர்ப்பொறியியல் என்று நாம் சொல்லலாம். வெண்ணாற்றங்கரையிலும் காவிரிக் கரையிலும் வெட்டிவேரையும் நாணலையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அடிப்படைக் கருத்து புதிதன்று. சிங்கப்பூர்ப் பொறியியலுக்கு அது புதிது. எனவே 60 மீட்டர் நீளமுள்ள பக்க வடிகால் ஒன்றில் பத்து வகை முறைகள் சோதிக்கப்பட்டன. குச்சிக் கட்டுகள், கற்குவியல்களின் இடையே நடப்பட்ட செடிகள், கம்பிவலைக் கூடைகளில் நிரப்பிய கற்கள் முதலியவற்றுள் மழையைத் தாங்கி நின்றவை தேர்ந்தெடுக்கப்பட்டன.

2012 மார்ச்சில் பூங்கா திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறு அங்கே இருந்தது. உடைக்கப்பட்ட கான்கிரீட் பாளங்கள் பூங்காவிலேயே ஒரு சிறு குன்றாக அடுக்கப்பட்டன. முன்பு 24 மீட்டருக்கு மேல் அகலம் இல்லாத நீர்வழி, பெருமழையின்போது ஏறத்தாழ 100 மீட்டர் வரை பரவ இடம் பெற்றது. அது தாங்கும் நீரின் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. பழைய பொறியியல் வெள்ளத்தை விரட்டியது. புதியது வெள்ளம் வந்து தங்கிச் செல்லப் புல்வெளியையே ஒதுக்கியது. நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்க ஒலியும் விளக்கும் அமைக்கப்பட்டன. தும்பிகளும் கொக்குகளும் வந்தன. பின்னர் நீர்நாய்க் குடும்பமும் வந்தது.

ஒரு நண்டின் ஓடை

இத்துணைச் சிறப்புடைய பணிக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை விளக்க ஒரு சிறிய நண்டு போதும்.

1986 இல் உயிரியலாளர் பீட்டர் இங், புக்கிட் தீமா காட்டோடையில் வாழ்ந்த நண்டினத்தைப் புதிய இனமாக விளக்கி, ஜொகோரா சிங்கப்பூரென்சிஸ் எனப் பெயரிட்டார். நீரிணையின் இரு கரைகளும் இப்பெயரில் இடம்பெற்றுள்ளன: பேரினப் பெயரில் ஜொகூர், சிற்றினப் பெயரில் சிங்கப்பூர். ஓடு மூன்று செண்டிமீட்டர் அளவே உள்ள இந்நண்டு உலகில் வேறெங்கும் இல்லை. 2008 இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2012 இல் உலகில் மிகவும் ஆபத்துக்குள்ளான 100 உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

கடல்நண்டின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவு சென்று பரவும். நன்னீர் நண்டுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் முட்டையிலிருந்து சிறு நண்டே வெளிவருகிறது. தாய் தன் வயிற்றடியில் அதனைச் சுமக்கிறது. ஆகவே ஓர் ஓடையில் வாழும் கூட்டம் அவ்வோடைக்கே உரியது. அது அழிந்தால், அடுத்த குன்றிலிருந்து வந்து குடியேற வழியில்லை. புக்கிட் தீமா ஓடையில் இந்நண்டின் எண்ணிக்கை பெரிதும் வீழ்ந்தது. நீரில் அமிலத்தன்மை மிகுந்ததே காரணமாகலாம் என அறிஞர் கருதினர். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரும் ஓர் உயிருக்குக் கொடிதாகலாம்.

2014 இல் பல்கலைக்கழகத்தாரும் பூங்காக் கழகத்தாரும் விலங்கியல் தோட்டத்தாரும் பன்னாட்டு வல்லுநரும் கூடி இந்நண்டைக் காக்கும் திட்டத்தை வகுத்தனர். எஞ்சிய ஓடைகளைக் கண்காணித்தல், நண்டுகளை வளர்ப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்தல், தகுந்த ஓடைகளில் விடுதல் ஆகியன அதன் கூறுகள். நீ சூன் சதுப்புக்காட்டில் நீரியலாளரும் உயிரியலாளரும் சேர்ந்து ஆய்ந்த முடிவுகள் 2018 இல் தாவரவியல் தோட்டத்தின் ஆய்விதழில் வெளியாயின. அக்காட்டின் உயிர்கள் நிலத்தடி நீரின் சிறு ஏற்றத்தாழ்வையும் நம்பி வாழ்கின்றன. எவ்வளவு நீர் எவ்வழியே வருகிறது என்று கணக்கிடும் பொறியாளர் இல்லாமல் அங்குள்ள மீனை உயிரியலாளர் காக்க முடியாது.

பீஷானில் மனிதர் ஓர் ஆற்றை அமைத்தனர். காட்டோடையின் உயிர்களை அவ்வாறு அமைக்க இயலாது. இருப்பதைப் பேண மட்டுமே இயலும். ஆகவே தூய்மைப்படுத்தல், மீட்டமைத்தல், பேணுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு பணிகள். பாதுகாப்பு என்னும் ஒரே சொல்லால் மூன்றையும் குறிப்பிடும்போது, ஒன்றைச் செய்துவிட்டு மற்றவற்றையும் செய்ததாக எண்ணிவிடும் இடர் நேர்கிறது.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர்கள் தம் மாணவரைப் பள்ளியருகே உள்ள வடிகாலுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லலாம். அதன் நீர் எந்தக் கால்வாயைச் சேர்கிறது, எந்த நீர்த்தேக்கத்தை அடைகிறது என்று வரைபடத்தில் தேடச் சொல்லலாம். கண்டதைத் தமிழில் எழுதுகையில் ஓடை, வடிகால், கால்வாய், ஆறு, சாக்கடை ஆகிய சொற்களை அவற்றின் பொருளறிந்து வழங்கப் பழக்கலாம். மாணவருள் சிலர் நாளை பொறியாளராகவோ உயிரியலாளராகவோ வரக்கூடும். எஞ்சியோர் அனைவரும் அந்நீரைக் குடிப்பவர்களே.

தேக்காவின் ரோச்சோர் கால்வாயில் விழும் மழைத்துளியும் காலாங் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்து மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. சந்தைக்கு வருவோர் வாங்கிக் குடிக்கும் தேநீரில் அத்துளியும் கலந்திருக்கலாம்.