வால் சுழன்ற கதை

எங்கள் திருவாலங்காட்டுக்குக் கிழக்கே, இதே மாவட்டத்தில்தான் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் பந்தயம் நடத்தியது அங்கேதான். ஓடியவை ஃபியட், ஹெரால்ட் மாதிரி பின்சக்கரம் தள்ளும் கார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தே வாலைத் திருப்பலாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் அதேதான். வேகமாக வளைத்தால் மூக்கு வெளியே ஓடும்.

இதற்கு மருந்து பின்னால் இருக்கிறது. பின் ஸ்பிரிங்கையோ ஆன்டி-ரோல் பாரையோ விறைப்பாக்கினால், வளைவில் சாயும் பாரத்தில் அதிகப் பங்கு பின்பக்க வெளி டயருக்குப் போகும். பாரம் ஏறும் அளவுக்கு டயரின் கிரிப் ஏறாது. அதனால் வால் வழுக்கும், மூக்கு உள்ளே திரும்பும். பந்தயப் படங்களில் உள்பக்கப் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்பது இதனால்தான்.

நானும் என் பழைய காரில் பின்டயர் காற்றைக் கூட்டிப் பார்த்தேன். மழைநாள், ஊர் ரோட்டு வளைவு, எதிரே லாரி. பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பாரம் முன்னால் ஓட, வால் சுழன்று வயலோரம் போய் நின்றேன்.

பயந்தால் எல்லாருமே காலைத்தான் எடுப்போம். மூக்கு ஓடும் காரில் அது மருந்து. வால் ஓடும் காரில் அதுவே விஷம். கம்பெனிக்காரன் தெரிந்துதான் செய்திருக்கிறான்.